‘குறையாத’, ‘விஞ்சாத’: ஊவாத் தோட்டங்களை அளந்த சில ஆங்கிலச் சொற்கள்

ஆங்கில மொழியில் அளவுகளை ஒப்பிட்டுச் சொல்வதற்குப் பயன்படும் சொற்றொடர்கள் பார்வைக்கு மிக எளியவை. ‘மோர் தன்’, ‘லெஸ் தன்’, ‘நொட் லெஸ் தன்’, ‘நொட் எக்ஸீடிங்’, ‘அட் லீஸ்ட்’, ‘அப் டு’. பாடசாலையில் ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே இவற்றைப் படித்து முடித்துவிடுகிறோம். ஆயினும் பத்திரிகையின் செய்தி மேசையில் அமர்ந்து ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்தவர்களை எது அதிகம் வாட்டியது என்று கேட்டால், நீண்ட சட்டப் பெயர்களையோ வெளிநாட்டு அமைச்சர்களின் பெயர்களையோ அவர்கள் சொல்லமாட்டார்கள். எண்ணுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் இந்தச் சிறு சொற்களைத்தான் சொல்வார்கள். பெயர் பிழைத்தால் மறுநாள் திருத்தம் போடலாம். ‘குறையாத’ என்று வரவேண்டிய இடத்தில் ‘குறைந்த’ என்று வந்துவிட்டால் செய்தியே தலைகீழாகிவிடும்.

பதுளையிலும் அதைச் சூழ்ந்த ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் இந்தச் சொற்கள் வெறும் இலக்கணமாக இருந்ததில்லை. அங்கே வாழ்ந்த தமிழர்களின் கூலி, குடியுரிமை, நாட்கணக்கு, ஏன், இறந்தவர்களின் தொகைகூட இவற்றைக் கொண்டே அளக்கப்பட்டது. அந்த வரலாற்றின் சில பக்கங்களை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் இலக்கணத்தைச் சற்றுப் பார்த்துவிடுவோம். ‘லெஸ் தன் டென்’ என்றால் பத்து சேராது, ஒன்பதோடு நின்றுவிடும். ‘நொட் லெஸ் தன் டென்’ என்றால் பத்தும் சேரும். ‘மோர் தன் டென்’ என்பதில் பத்து வெளியே நிற்கிறது. ‘டென் ஓர் மோர்’ என்பதில் உள்ளே வந்துவிடுகிறது. எல்லையில் நிற்கும் அந்த ஓர் எண் உள்ளேயா வெளியேயா என்பதுதான் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு. தமிழில் இதைத் துல்லியமாகச் சொல்ல வழி இல்லாமல் இல்லை. ‘பத்துக்குக் குறையாத’ என்றால் பத்தும் அதற்கு மேலும். ‘பத்துக்கு மேற்படாத’ என்றால் பத்தும் அதற்குக் கீழும். இலங்கையின் சட்டத் தமிழ் பின்னதற்கு ‘விஞ்சாத’ என்ற சொல்லை ஆளுகிறது. ‘ஐந்நூறு ரூபாவை விஞ்சாத தண்டம்’ என்று இலங்கை வாசகர்கள் எத்தனையோ அறிவித்தல்களில் படித்திருப்பார்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் ‘மிகாத’ என்பார்கள். எனக்கு ‘விஞ்சாத’ பிடிக்கும். ஓட்டப் பந்தயத்தில் ஒருவரை ஒருவர் முந்துவது போன்ற ஒரு காட்சி அதில் இருக்கிறது. ‘குறைந்தபட்சம்’ என்று தமிழ்நாட்டில் சொல்வதை நாங்கள் ‘ஆகக் குறைந்தது’ என்போம். இதுவும் நல்ல தமிழே.

ஆங்கிலத்தில் ‘லெஸ்’, ‘ஃபியூவர்’ என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் மாணவரைப் படுத்தும் பாடு பலருக்கும் நினைவிருக்கும். எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’, எண்ண முடியாதவற்றுக்கு ‘லெஸ்’ என்பது விதி. இந்த விதி ஆங்கிலத்துடன் பிறந்ததன்று. 1770இல் ரொபர்ட் பேக்கர் என்பவர் தம் நூலொன்றில் ‘ஃபியூவர்’ என்பதே தமக்கு நயமாகப் படுகிறது என்ற அளவில் எழுதிவைத்தார். பின்வந்த இலக்கண ஆசிரியர்கள் அதைக் கட்டளையாக்கிவிட்டனர். பணம், நிறை, தூரம், காலம் ஆகியவற்றை எண்களால் சொன்னாலும் ஆங்கிலேயர் அவற்றை ஒரு திரண்ட அளவாகவே கருதி ‘லெஸ்’ என்றே சொல்கின்றனர். ஏழு ஆண்டுகள் என்பது அவர்களுக்கு ஏழு தனித்தனி ஆண்டுகள் அல்ல, ஒரே நீளம். தமிழில் ‘குறைவு’ என்ற ஒரே சொல் ஆளுக்கும் அரிசிக்கும் போதுமானதாக இருந்துவிட்டது.

இனி ஊவாவுக்கு வருவோம்.

ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது 1886இல். கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலம் அது. தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்னையில் தேயிலைக்கு வந்தது 1890இல். இரயில் பாதை பதுளையை எட்டியது 1924இல். பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை என்று மலைகள்தோறும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் குடியேறினர். அவர்களை ஆண்ட விதிகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. துரைக்கு ஆங்கிலம் தெரியும். கிளாக்கருக்கு ஓரளவு தெரியும். கணக்கப்பிள்ளைக்கு வேண்டிய சொற்கள் தெரியும். பிரட்டுக்களத்தில் நின்றவர்களுக்குச் செவிவழிச் செய்திதான். சட்டத்தில் இருந்த ‘நொட் லெஸ் தன்’ பிரட்டுக்களத்துக்கு வந்து சேர்வதற்குள் ‘இவ்வளவுதான்’ என்று ஆகிவிடும். பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த கோ. நடேசய்யர், சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தொழிலாளருக்குத் தமிழில் எழுதியும் பேசியும் விளக்குவதைத் தம் வாழ்நாள் வேலையாக்கிக் கொண்டதன் காரணம் இதுதான். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடியே விளக்கினார். எங்கள் தொழிலில் மொழிபெயர்ப்பு என்பதைப் பலரும் இரண்டாந்தர வேலை என்று கருதுவதுண்டு. தோட்டப்புறத்தில் அது முதல்தர அரசியல் வேலையாக இருந்தது.

கூலியில் தொடங்குவோம். இலங்கையில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு ஆகக் குறைந்த சம்பளத்தை வகுக்க 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி வகுக்கப்பட்ட வீதங்கள் 1929இல் நடைமுறைக்கு வந்தன. உயர்நிலத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். மத்திய நிலத்துக்கும் தாழ்நிலத்துக்கும் இதிலிருந்து சில சதங்கள் குறைவு. சட்டத்தின் மொழியில் இவை ‘இதற்குக் குறையக் கூடாது’ என்ற கீழ் எல்லைகள். மேலே எவ்வளவும் போகலாம்; தடையில்லை. நடந்தது என்னவென்றால், கீழ் எல்லையே மேல் எல்லையும் ஆயிற்று. ‘ஆகக் குறைந்த சம்பளம்’ என்பது ‘சம்பளம்’ என்பதன் மறுபெயராகிவிட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்த 1930களின் தொடக்கத்தில் அந்தக் கீழ் எல்லையையே சட்டப்படி இன்னும் கீழே இறக்கினார்கள். ‘குறையாத’ என்ற சொல் அப்படியே இருந்தது. அதன் முன்னால் நின்ற எண்தான் குறைந்தது!

அந்த மூன்று எண்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கைக்கூட முழுதாக எட்டவில்லை. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொழுந்து இல்லாமல் தோட்டம் இல்லை. அப்படியிருந்தும் இந்த வேற்றுமை நீங்கித் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது 1984இல்தான். ‘ஆஸ் மச் ஆஸ்’ என்ற சமநிலை ஒப்பீட்டைத் தோட்டத்துப் பெண்கள் ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து பெற்றார்கள்.

தோட்டத்தின் கணக்கு மொழியில் ஒரு சொல் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். ஒரு தொழிலாளி ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோலில் அவருக்கு ஒரு ‘பேர்’ விழுகிறது. மாதக் கடைசியில் “உனக்கு எத்தனை பேரு?” என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். “இருபது பேரு” என்றால் இருபது நாள் வேலை. நாள் என்பது பேராகிவிட்டது. குறித்த அளவுக்குக் குறைவாகக் கொழுந்து எடுத்தால் ‘அரைப்பேர்’. ஒரு மனிதருக்கு அரைப் பெயர்! ஆங்கிலத்தில் ‘லெஸ் தன்’ என்று எழுதப்பட்ட விதி தமிழில் இப்படி ஒரு சொல்லைப் பெற்றெடுத்தது. அந்தக் குறித்த அளவும் நிலையானதாக இருந்ததில்லை. முன்னர் இராத்தலிலும் பின்னர் கிலோவிலும் அது தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறிற்று. பதினைந்து, பதினாறு கிலோ என்று இருந்ததை 2021க்குப் பின் பல தோட்டங்களில் பதினெட்டு, இருபது என்று ஏற்றினார்கள். நிறுக்கும் இடத்தில் கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கழிக்கும் கிலோக்கள் வேறு. பதினெட்டுக்குக் குறையாமல் எடுக்கவேண்டும் என்றால் உண்மையில் இருபதுக்குக் குறையாமல் எடுக்கவேண்டும் என்பது பறித்தவர்களுக்குத் தெரியும், தாளில் இராது.

இப்போது குடியுரிமை. இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்றுதான் போகவேண்டும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. அங்கே தெரிவானவர் எஸ். எம். சுப்பையா. அதற்கு அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. வம்சாவளிக் குடிமகனாக வேண்டுமானால் தந்தை இலங்கையில் பிறந்திருக்கவேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும் என்றது அது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்ற ஒன்றையே காணாத பாட்டன்மாரைக் கொண்ட மக்களிடம் இதைக் கேட்டார்கள். பொதுச்சேவையில் சிறப்புற்றவர்களைப் பதிவுசெய்து குடிமக்களாக்க அமைச்சருக்கு அச்சட்டம் ஓர் அதிகாரமும் கொடுத்தது. அவ்வாறு பதியப்படுவோர் ஆண்டொன்றுக்கு இருபத்தைந்து பேரை விஞ்சக்கூடாது. பல இலட்சம் பேர் வெளியே நிற்க, வாசலில் ‘இருபத்தைந்தை விஞ்சாத’ என்று ஒரு பலகை.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம். இதன் உள்ளமே ஒப்பீட்டு அளவுச் சொற்கள்தான். 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர், மணமானவராயின் ஏழு ஆண்டுகள், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகள் இடையறாது இலங்கையில் வதிந்திருக்கவேண்டும். அந்தத் திகதியிலிருந்து விண்ணப்பிக்கும் நாள்வரையும் இடையறாத வதிவு இருக்கவேண்டும். மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் இங்கேயே இருந்தார்கள் என்றும் காட்டவேண்டும். போதிய நிச்சய வருமானம் வேண்டும். இடையில் நாட்டைவிட்டுப் போயிருந்தால்? ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மாதங்களை விஞ்சாமல் போய்வந்திருந்தால் வதிவு அறுந்ததாகாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணமானவர் 1939 ஜனவரி 1இலாவது இலங்கையில் இருந்திருக்கவேண்டும். மணமாகாதவர் 1936 ஜனவரி 1இலாவது. 1939 ஓகஸ்ட் 1 முதல் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசு தடைசெய்துவிட்டது. ஆகவே 1939இன் முற்பாதியில் மண்டபம் முகாமைக் கடந்து, தலைமன்னாரில் இறங்கி, பதுளை இரயிலேறி வந்த ஒருவர், அந்தக் கடைசி அலையில் வந்தவர், ஏழு ஆண்டுக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ குறைந்து வெளியே நின்றார். அவர் அதன்பின் எத்தனை ஆண்டுகள் கொழுந்து சுமந்திருந்தாலும் அந்தக் குறை நிரம்பாது. ‘ஏழு ஆண்டுக்குக் குறையாத’ என்பதன் எல்லையில் நின்ற எண் அவருக்கு வெளியே விழுந்துவிட்டது.

பன்னிரண்டு மாதம் என்ற எல்லை இன்னும் நுட்பமானது. தோட்டத்து மக்கள் ஊருக்குப் போவது ஏதோ உல்லாசப் பயணமன்று. தாய்க்கு நோய், தங்கைக்குக் கலியாணம், காணி வழக்கு, நேர்த்திக்கடன், தலைப்பிரசவம். போனவர் திரும்பிவர வழிச்செலவு சேரவேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண் பிள்ளையோடு பதினொரு மாதத்தில் வந்தால் வதிவு அறாது. பதின்மூன்றாம் மாதம் வந்தால் அறுந்தது. அதைக் காட்டப் பலருக்கு இருந்த சான்று தோட்டத்துப் பதிவேடுகள் மட்டுமே. அவற்றை எழுதிவைத்தவர் தோட்டத்து உத்தியோகத்தர், தொழிலாளி அல்லர். பேர் விழாத மாதங்களுக்கு அவர் எங்கே இருந்தார் என்று விசாரணை உத்தியோகத்தர் கேட்டால், நோயில் லயத்தில் படுத்திருந்தார் என்பதை எப்படி மெய்ப்பிப்பது?

விண்ணப்பிக்க 1949 ஓகஸ்ட் 5 முதல் இரண்டு ஆண்டுகள் தரப்பட்டன. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் சட்டத்தைப் புறக்கணித்தது. கடைசிக் கட்டத்தில்தான் விண்ணப்பிக்கச் சொன்னது. இதைப் பற்றி இன்றும் இரு கருத்துகள் உண்டு. புறக்கணிப்பு நியாயமானது, ஆனால் நீண்டுவிட்டது என்பது என் எண்ணம். ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவை எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குறித்தவை. விசாரணைகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. முடிவில் குடியுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேர். கேட்டவர்களில் ஆறில் ஒரு பங்கைக்கூட இது எட்டவில்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டங்களின் வாக்கில்லாமலேயே பாராளுமன்றம் அமைந்தது. ஏழு உறுப்பினர் இருந்த இடத்தில் ஒருவரும் இல்லை.

எஞ்சியவர்களைப் பங்குபோட வந்ததுதான் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றோர் 975,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்கள். 1974இல் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். நடைமுறையில் ஏழு பேரை இந்தியா ஏற்றால் நான்கு பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். ஒப்பீட்டு அளவுகளிலேயே கொடியது விகிதம் என்று நான் நினைக்கிறேன். ‘குறையாத’, ‘விஞ்சாத’ என்பவற்றில் ஒருவருடைய அளவு அவருடையதாகவாவது இருக்கிறது. ஏழுக்கு நான்கு என்பதில் ஒருவரின் உரிமை இன்னொருவரின் கப்பலில் தொங்குகிறது. அப்புத்தளையில் இருக்கும் ஒருவருக்குக் குடியுரிமைப் பத்திரம் வரவேண்டுமானால் வேறெங்கோ உள்ள யாரோ இருவர் மண்டபம் போய் இறங்கவேண்டும். சரியாகச் சொன்னால் இருவருக்குச் சற்றுக் குறைவானவர், ஒன்றே முக்கால் பேர். மனிதரைப் பின்னத்தில் எண்ணும் வழக்கம் அரைப்பேரோடு முடிந்துவிடவில்லை. இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர் தொகையோ ஒப்பந்தம் குறித்த 525,000ஐ எட்டவேயில்லை. பெரும்பாலோர் இருக்கும் இடத்திலேயே இருக்க விரும்பினர். இந்தக் கணக்குகள் 1988ஆம் ஆண்டின் சட்டத்தாலும் இறுதியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும்தான் தீர்ந்தன. பின்னைய சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்தவருக்கும் அவருடைய சந்ததியினருக்கும் குடியுரிமை தந்தது.

குடியுரிமை தீர்ந்தாலும் கூலிக் கணக்கு தீரவில்லை. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் நாட்சம்பளம் 620 ரூபா என்று செய்தியானது. பிரித்துப் பார்த்தால் அடிப்படை 450, வரவுக்கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. வரவுக்கொடுப்பனவு கிடைக்கத் தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதத்துக்குக் குறையாமல் வேலைக்கு வந்திருக்கவேண்டும். இருபத்துநான்கு நாள் வேலை கொடுத்த மாதத்தில் பதினெட்டு நாள். பதினேழு நாள் வந்தவர் ஒரு நாள் கொடுப்பனவை மட்டும் இழக்கமாட்டார். பதினேழு நாளுக்கும் உரிய 2,380 ரூபாவையும் இழப்பார். ‘நொட் லெஸ் தன்’ என்பதன் எல்லையில் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையே உள்ள தூரம், ஒன்றுக்கும் பதினேழுக்கும் இடையே உள்ள தூரத்தை விடப் பெரிது. காய்ச்சலில் ஒரு நாள், பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்கு ஒரு நாள் என்று போனால் அந்தப் பதினெட்டாவது பேர் எங்கோ போய்விடும்.

ஆயிரம் ரூபாக் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டங்களுக்குப் பின் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை ஊடாக வர்த்தமானியில் வந்தது. அதுவும் 900, 100 என்று இரண்டு துண்டாக. 2024 ஏப்ரல் கடைசியில் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது: 1,350 சம்பளம், 350 மேலதிகம். வழக்குகளுக்குப் பின் அதே ஆண்டு செப்டம்பரில் நின்றது 1,350. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் 1,550 ரூபா சம்பளமும் 200 ரூபா வரவுக்கொடுப்பனவுமாக 1,750 என்று முன்மொழிந்தது. ஆங்கிலத்தில் இத்தகைய இடங்களில் ‘அப் டு’ என்று எழுதுவார்கள். ‘1,700 வரை’ என்பது அதன் நேர்மையான தமிழ். ஆனால் தலைப்பில் ‘வரை’ விழுந்துவிடும். எண் மட்டும் நிற்கும். ‘வரை’ என்ற இரண்டு எழுத்துக்கு இடமில்லை என்று பக்க வடிவமைப்பாளர் சொல்வார். அந்த இரண்டு எழுத்தில் ஒரு குடும்பத்தின் மாத அரிசி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அன்று உலகெங்கும் போன செய்திகளில் ‘அட் லீஸ்ட்’, ‘மோர் தன்’, ‘ஆஸ் மெனி ஆஸ்’ மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உடல்கள் ஆகக் குறைந்தது பத்து. காணாமற்போனோர் இருநூறுக்கும் மேற்பட்டோர். மறுநாளே இறந்தவர் நூறுக்கும் குறைவாகத்தான் இருப்பர் என்று அமைச்சர் சொன்னார். நாட்கள் செல்ல அரசாங்கக் கணக்கு நாற்பதுக்குள் இறங்கியது.

இங்கே தமிழின் ஒரு நுட்பத்தைச் சொல்லவேண்டும். ‘இருநூறு பேருக்கு மேற்பட்டோர்’ என்பதும் ‘இருநூறு பேருக்கும் மேற்பட்டோர்’ என்பதும் ஒன்றல்ல. நன்னூலார் உம்மைக்குச் சொல்லும் எட்டுப் பொருள்களில் சிறப்பு என்பது ஒன்று. அந்த ‘உம்’ எண்ணை உயர்த்திக் காட்டி, ‘இவ்வளவா!’ என்று வியக்கிறது. ஆங்கிலத்தில் ‘நொட் லெஸ் தன்’ என்பது வெறும் எல்லை. ‘நோ லெஸ் தன்’ என்பது வியப்பு. நம்முடைய ‘உம்’ அந்த வியப்பை ஓரெழுத்துப் புள்ளியில் செய்துவிடுகிறது. செய்தியாளர்கள் பழக்கத்தில் எல்லா எண்களுக்கும் அதைப் போட்டுவிடுகிறோம். ‘மோர் தன்’ என்று அமைதியாக வந்த செய்தி தமிழில் பதறிக்கொண்டு வெளியாகும். ‘நூறுக்கும் குறைவு’ என்பதில் அதே ‘உம்’ இழப்பைச் சிறிதாக்கிக் காட்டும். மீரியபெத்தையில் இரண்டும் நடந்தன.

எண்கள் அப்படித் தடுமாறியதற்கு மொழி காரணமன்று. அன்று காலை லயங்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை உடனே சொல்லக்கூடிய ஒரு பட்டியல் யார் கையிலும் இல்லை. நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டத்தில் நாள்தவறாமல், பிழைபடாமல் எழுதப்பட்டுவந்த புத்தகம் செக்ரோல். அதில் வேலைக்கு வந்தவருக்கே பேர் விழும். பாட்டி, கைப்பிள்ளை, கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் ஆகியோருக்கு அதில் பேர் இல்லை. பிள்ளைகள் பலர் அந்நேரம் பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள் என்பதும் பிறகே தெளிவாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்தபோது பதுளை மாவட்டத்துச் சரிவுகளிலிருந்து வந்த முதல் செய்திகளிலும் எண்ணுக்கு முன்னால் ‘ஆகக் குறைந்தது’ நின்றது.

மீரியபெத்தையில் தப்பியவர்கள் நெடுநாள் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தங்கியிருந்தார்கள். 2016இல் அவர்களுக்கு 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. வீட்டுக்கு ஏழு பேர்ச் நிலம். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்.